தெளிப்பு அளவைப் பிடிக்க எதை வாங்குவது: பைபாஸா, மீட்டரிங் பம்பா, கம்ப்யூட்டர் பெட்டியா?

இலை உரக் கேனின் மேல் ஹெக்டேருக்கு இத்தனை லிட்டர் என்று எழுதியிருக்கும். வண்டியில் இருக்கும் பம்புக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. கரண்ட் வந்தால் தள்ளும், போனால் நிற்கும். அது தள்ளுகிற தண்ணீரைக் கேனில் எழுதிய கணக்குக்குக் கொண்டுவர நடுவில் ஏதாவது ஒன்று வேண்டும். அது 30 வெள்ளி வால்வாகவும் இருக்கலாம், சில ஆயிரம் வெள்ளிக் கம்ப்யூட்டர் பெட்டியாகவும் இருக்கலாம்.

சிங்கப்பூரில் கிராஞ்சி, லிம் சூ காங் பக்கம் கீரைப் பண்ணைகளில் மேற்பார்வை பார்க்கிற நம் ஆட்களுக்கு இந்தக் கேள்வி எப்படியும் ஒருநாள் வரும். தௌக்கே (முதலாளி) கைப்பேசியில் ஒரு கருவியின் படத்தைக் காட்டி, இதைப் போட்டால் மருந்துச் செலவு குறையுமா என்று கேட்பார். பதில் சொல்வதற்கு முன் நம் பண்ணையில் அளவு எந்த இடத்தில் தவறுகிறது என்று பார்த்துவிட வேண்டும். ஆள் நடக்கிற வேகத்திலா, அழுத்தத்திலா, தேய்ந்துபோன நாசிலிலா, கலவையிலா? ஒவ்வொன்றுக்கும் கடையில் தனித்தனிச் சாமான் இருக்கிறது. ஓட்டை ஒரு பக்கம் இருக்க, அடைப்பதற்கு இன்னொரு பக்கம் சாமான் வாங்கினால் காசு போனதுதான் மிச்சம்.

தள்ளுவண்டிக் கணக்கு

பேச்சு அந்தரத்தில் போகாமல் இருக்க ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். வலைக்கூடாரத்துக்குள் ஓடுகிற சாதாரணத் தள்ளுவண்டி. 100 லிட்டர் தொட்டி, 12 வோல்ட் டயாஃப்ரம் பம்பு, ஒரு பேட்டரி, 50 செ.மீ. இடைவெளியில் மூன்று நாசில். சாய் சிம், காங்கோங், பாயாம் கீரைப் பாத்திகளுக்கு நடுவே ஒருவர் தள்ளிக்கொண்டு நடப்பார்.

ஒரு நாசில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் கொட்ட வேண்டும் என்பதற்கு உலகம் முழுக்க ஒரே சூத்திரம்தான். ஹெக்டேருக்கு வேண்டிய லிட்டரை நடக்கிற வேகத்தால் (மணிக்குக் கிலோமீட்டரில்) பெருக்கி, நாசில் இடைவெளியால் (சென்டிமீட்டரில்) பெருக்கி, 60,000ஆல் வகுத்தால் போதும். ஹெக்டேருக்கு 400 லிட்டர், 3 கி.மீ. வேகம், 50 செ.மீ. இடைவெளி என்றால் சரியாக 1 லிட்டர் வருகிறது. 3 கி.மீ. வேகம் இன்னொரு வகையிலும் வசதி: நிமிடத்துக்கு 50 மீட்டர். பாத்தி ஓரத்தில் 50 மீட்டருக்கு இரண்டு குச்சி நட்டு, ஒரு நிமிடத்தில் கடக்கிற நடையைக் காலுக்குப் பழக்கிவிடலாம்.

இனி நாசில். நல்ல நாசில்களுக்கு ஐஎஸ்ஓ நிறக் கணக்கு உண்டு. மஞ்சள் 3 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்குச் சுமார் 0.8 லிட்டர், நீலம் 1.2, சிவப்பு 1.6. எந்தக் கம்பெனி செய்தாலும் அந்தத் தரத்தைப் பின்பற்றினால் நிறம் மாறாது. நமக்கு வேண்டிய 1 லிட்டருக்கு நீல நாசிலை 2 பாரைக் கொஞ்சம் தாண்டி ஓட்டினால் சரியாக வரும்.

இந்த மொத்த விஷயத்துக்கும் அடித்தளமான விதி ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாசிலில் வெளியேறும் அளவு, அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அளவு இரட்டிப்பாக வேண்டுமானால் அழுத்தம் நான்கு மடங்கு வேண்டும். 1 பாரிலிருந்து 4 பாருக்கு ஏற்றினால்தான் ஒரே நாசில் இரண்டு மடங்கு கொடுக்கும். 1 பாரில் நாசிலின் தெளிப்பு விசிறிபோலச் சரியாக விரியாமல் தொங்கும். 4 பாரில் நுண்துளியாகிப் பக்கத்துப் பாத்திக்குப் பறக்கும். எனவே அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்துக்கொண்டு குமிழைத் திருகுவதால் கிடைக்கிற மாற்றம் கொஞ்சம்தான். பெரிய மாற்றம் வேண்டுமானால் நாசிலையே மாற்ற வேண்டும். விலை உயர்ந்த கருவிகளை விற்பவர்கள் இந்த விதியை அதிகம் பேசுவதில்லை. அவர்கள் கருவியும் இதற்குக் கட்டுப்பட்டதுதான்.

பைபாஸ் வால்வும், வெறும் வால்வும்

புதுக்கோட்டைத் தம்பி ஒருவன் நான் பைபாஸுக்காக ரிட்டர்ன் லைன் (மிச்சத் தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பும் குழாய்) இழுப்பதைப் பார்த்துக் கேட்டான்: "அண்ணே, நாசிலுக்குப் போற ஓஸ்ல ஒரு வால்வப் போட்டுப் பாதி மூடுனா போதாதா? எதுக்கு இவ்வளவு பைப்பு?"

கேள்வி நியாயமானது. பம்பு மைய விலக்கு வகையாக இருந்தால் அவன் சொன்னபடியே செய்யலாம். உள்ளே சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கும், தண்ணீர் குறைவாகப் போகும், ஆபத்து பெரிதாக இல்லை. டயாஃப்ரம், பிஸ்டன் வகைப் பம்புகளின் குணம் வேறு. ஒவ்வொரு அடிக்கும் குறிப்பிட்ட அளவைத் தள்ளியே தீரும். வழியைக் குறுக்கினால் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். சின்ன 12 வோல்ட் பம்பில் அழுத்த சுவிட்ச் ஒன்று இருக்கும். பெரும்பாலும் 4 பாருக்குப் பக்கத்தில் அது பம்பை நிறுத்தும். அழுத்தம் இறங்கியதும் மறுபடி ஓடும், உடனே நிற்கும். டக் டக் என்று ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கும். நாசிலில் தண்ணீர் துடித்துத் துடித்து வரும். பாத்தியில் ஒரு அடிக்கு அதிகமாகவும் அடுத்த அடிக்குக் குறைவாகவும் விழும். கொஞ்ச நாளில் சுவிட்சின் முனைகள் கருகிவிடும். பெட்ரோல் எஞ்சினில் ஓடும் பெரிய பிஸ்டன் பம்பில் இதைச் செய்தால் ஓஸ் வெடிக்கும். அதனால்தான் அவற்றில் அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் ரெகுலேட்டரும் திரும்பும் குழாயும் பம்போடு சேர்ந்தே வருகின்றன.

பைபாஸில் மிச்சத் தண்ணீர் தொட்டிக்கே திரும்புகிறது. நம் பம்பு வாய் திறந்திருந்தால் நிமிடத்துக்கு 10 லிட்டர் தள்ளுகிறது என்று வையுங்கள். 2 பாரில் அது கொஞ்சம் குறையும். நாசில்களுக்கு வேண்டியது 3 லிட்டர். மீதி ரெகுலேட்டர் வழியாகத் தொட்டிக்குப் போய் அடியில் படிந்ததைக் கலக்கிவிடுகிறது. தொட்டிக் கொள்ளளவில் நிமிடத்துக்கு 5 சதவீதமாவது திரும்பினால் கலக்கல் போதும் என்பது ஸ்பிரேயர் தொழிலில் பழைய கணக்கு. 100 லிட்டர் தொட்டிக்கு 5 லிட்டர். தூள் மருந்து அடிக்கிறவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

இன்னொரு லாபமும் உண்டு. காலையில் முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி மதியத்துக்குள் தளர்ந்துவிடும், பம்பின் வேகமும் குறையும். பைபாஸ் இல்லாத வண்டியில் அந்தக் குறைவு அப்படியே பாத்தியில் தெரியும். பைபாஸ் இருந்தால் திரும்பும் தண்ணீர்தான் முதலில் குறையும். நாசிலுக்குப் போவது மாறாமல் இருக்கும், மிச்சம் என்று ஒன்று இருக்கும்வரை. ஒரு ரெகுலேட்டர், நாசில் பக்கம் ஒரு கேஜ், நாசிலுக்கு நாசில் சொட்டு நிறுத்தும் வால்வு, ஒரு ஃபில்டர். எல்லாவற்றுக்கும் நூறு வெள்ளிக்குப் பக்கத்தில் முடிந்துவிடும். ஜாலான் புசார் ஹார்ட்வேர் கடைகளில் பாதி கிடைக்கும், மீதியை இணையத்தில் வரவழைக்கலாம். கேஜை மட்டும் பம்பின் வாயில் மாட்டாதீர்கள், நாசில் குழாயிலேயே மாட்டுங்கள். ஃபில்டரும் ஓஸும் தின்கிற அழுத்தம் போக மிச்சம் எவ்வளவு என்பதுதான் நமக்கு வேண்டிய எண்.

இதன் குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை. வண்டி வேகமாகப் போகிறதா மெதுவாகப் போகிறதா என்று இதற்குத் தெரியாது. அதே அமைப்பில் 4 கி.மீ. வேகத்தில் நடந்தால் ஹெக்டேருக்கு 400 என்பது 300 ஆகிவிடும். மழை கறுத்துக்கொண்டு வரும்போது யார்தான் மெதுவாக நடப்பார்கள்?

பம்பின் வேகத்தையே மாற்றுவது

சிம் லிம் டவரில் 12 வோல்ட் மோட்டாருக்கான வேகக் குமிழ் சில வெள்ளிக்குக் கிடைக்கும். டயாஃப்ரம் பம்பில் வேகத்தைக் குறைத்தால் அளவும் ஏறக்குறைய அதே விகிதத்தில் குறையும். திரும்பும் குழாய் வேண்டாம், பேட்டரியும் நீடிக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பேட்டரி தளர்ந்தால் அளவும் தளரும், கலக்கல் கிடையாது. முதுகில் மாட்டும் மின் ஸ்பிரேயருக்கு இது சரி, தள்ளுவண்டிக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

230 வோல்ட்டில் ஓடும் மைய விலக்குப் பம்புக்கு வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தை மாற்றும் பெட்டி) போடலாமா என்றும் சிலர் கேட்பார்கள். பாசனக் குழாயில் ஒரு வால்வு திறந்தாலும் நான்கு திறந்தாலும் ஒரே அழுத்தம் வேண்டும் என்றால் அது அருமையான பொருள். மருந்தளவைப் பிடிக்க அது சரிவராது. மைய விலக்குப் பம்பின் வேகத்தைப் பாதியாக்கினால் அழுத்தம் கால்வாசிக்கு இறங்கிவிடும், நாசில் விசிறி மூடிக்கொள்ளும். அப்புறம், கண்டென்சர் வைத்த ஒற்றை ஃபேஸ் மோட்டாருக்கு வி.எஃப்.டி. பொதுவாக ஒத்துவராது, மூன்று ஃபேஸ் மோட்டாராக மாற்ற வேண்டியிருக்கும். வலைக்கூடாரத்து ஈரத்தில் அந்தப் பெட்டியைக் காப்பாற்றுவதும் தனி வேலை.

சக்கரம் ஓட்டுகிற மீட்டரிங் பம்பு

எனக்கு மிகவும் பிடித்த அமைப்பு இது. அமெரிக்கச் சோள வயல்களில் விதைக்கும்போதே சாலுக்குள் திரவ உரம் விடுவார்கள். அளவு மிகக் குறைவு, ஹெக்டேருக்கு 30 முதல் 50 லிட்டர் என்கிற மாதிரி. அதற்கு விதைப்பு இயந்திரத்தின் சக்கரத்திலிருந்து சங்கிலி போட்டு ஒரு பிஸ்டன் பம்பை ஓட்டுவார்கள். அலபாமாவின் ஜான் புளூ கம்பெனிப் பம்புகள் இந்த வேலைக்குப் பெயர் போனவை. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் பிஸ்டன் இத்தனை அடி அடிக்கும், ஒரு அடிக்கு இத்தனை மில்லி. அளவை மாற்ற பிஸ்டன் அடியின் நீளத்தைக் குறியிட்ட தட்டில் கூட்டிக் குறைக்கலாம், அல்லது பல்சக்கரத்தை மாற்றலாம். டிராக்டர் வேகமாகப் போனால் பம்பும் வேகமாக ஓடும், நின்றால் அதுவும் நிற்கும். சென்சார், திரை, மென்பொருள் எதுவும் கிடையாது.

இதிலும் சக்கரம் சறுக்கினால் கணக்கு போச்சு. டிசம்பர், ஜனவரி பருவமழையில் நம் பண்ணைச் சேற்றில் சக்கரம் சுற்றாமல் இழுபடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இன்னொன்று, விசிறி நாசிலுக்கு இது பொருந்தாது. மெதுவாக நடந்தால் அழுத்தம் விழுந்து விசிறி தொங்கிவிடும். வேரோரம் கோடு போட்டு ஊற்றுவதற்குத்தான் இது சரி. வாழைக்கும் பப்பாளிக்கும் அடியுரத்தைத் திரவமாக விடுகிறவர்கள் யோசிக்கலாம். ஊருக்குத் திரும்பி மக்காச்சோளம் போடலாம் என்று கனவு வைத்திருப்பவர்களும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சோள வயல்களில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. 28 சதவீத நைட்ரஜன் கரைசல் தண்ணீரைவிட 1.28 மடங்கு கனம். தண்ணீரில் அளந்து பார்த்த நாசிலில் அதை ஓட்டினால் அதே அழுத்தத்தில் சுமார் 12 சதவீதம் குறைவாகத்தான் வரும். 1.28இன் வர்க்கமூலம் 1.13, அதால் வகுத்துப் பாருங்கள். நாம் கொஞ்சம் உரத்தை நிறையத் தண்ணீரில் கலந்து அடிப்பதால் இந்தத் தொல்லை நமக்கு வராது.

கம்ப்யூட்டர் பெட்டி

தௌக்கே காட்டுகிற படம் பெரும்பாலும் இதுதான். ஓடும் தண்ணீரை அளக்க ஒரு ஃப்ளோ மீட்டர், வேகத்தை அறிய ஜிபிஎஸ் அல்லது சக்கரச் சென்சார், மோட்டார் வைத்த ரெகுலேட்டர் வால்வு, இவற்றை இணைக்கும் ஒரு பெட்டி. ஹெக்டேருக்கு 400 என்று பொத்தானை அழுத்தினால் வேகம் கூடும்போது வால்வைத் திருகி அளவைக் கூட்டும். இந்தத் துறையின் பழைய பெயர்களில் ஒன்று ரேவன். 1956இல் ஆராய்ச்சி பலூன் செய்யத் தொடங்கிய தெற்கு டகோட்டா நிறுவனம். 2021இல் சிஎன்எச் என்ற வேளாண் இயந்திர நிறுவனம் அதை வாங்கியது. பொருளில் குறையில்லை. ஆனால் அது உருவானது அவர்கள் ஊர் வயலுக்கு. லிம் சூ காங்கில் புதிதாகத் திட்டமிட்ட வேளாண் உணவு வட்டாரம் முழுவதும் சேர்த்தே 390 ஹெக்டேர்தான். அமெரிக்காவில் அதைவிடப் பெரிய பண்ணையை ஒரே குடும்பம் பார்த்துக்கொள்ளும்.

முன்பு சொன்ன வர்க்கமூல விதி இங்கே திரும்பி வருகிறது. 3 கி.மீ. வேகம் 4 ஆனால் பெட்டி அழுத்தத்தை 2.1 பாரிலிருந்து 3.7க்கு ஏற்றியாக வேண்டும். வேகம் 6 ஆனால் 8 பாருக்கு மேல் கேட்கும். நம் 12 வோல்ட் பம்பின் சுவிட்ச் 4லேயே நின்றுவிடும். ஆக நடக்கிறவரின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு வித்தியாசத்தைத்தான் அந்த ஆயிரக்கணக்கான வெள்ளிப் பெட்டி சரிசெய்யும். அந்த வித்தியாசத்தை ஒரு நிமிட நடைப் பழக்கமும் சரிசெய்யும், காசில்லாமல். இந்தச் சிக்கலைத் தாண்டத்தான் நாசில் ஒவ்வொன்றிலும் மின்வால்வு வைத்து, அழுத்தத்தை மாற்றாமல் நொடிக்குப் பல முறை திறந்து மூடும் முறை வந்தது. அது அருமையாக வேலை செய்யும், பெரிய பூம் (நாசில்கள் வரிசையாக மாட்டிய நீளக் கை) வண்டியில். மூன்று நாசிலுக்கு அதை வாங்குவது கொசுவுக்குப் பீரங்கி.

சொட்டுநீரில் உரம் விடுவது தனிக் கதை

இதில் நடக்கிற வேகம் என்ற பேச்சே இல்லை. தண்ணீரில் உரம் எத்தனை சதவீதம் என்பதுதான் கணக்கு. இரண்டு பொருள்கள் போட்டி போடுகின்றன. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வென்சுரி (ஓடும் தண்ணீர் உரத்தை உறிஞ்சிக்கொள்ளும் குறுகிய குழாய்) ஒன்று, நீரோட்டத்தால் ஓடும் விகித இன்ஜெக்டர் இன்னொன்று. இரண்டாவதைப் பலரும் டோசட்ரான் என்ற பிரெஞ்சு கம்பெனியின் பெயராலேயே அழைக்கிறார்கள்.

வென்சுரி மலிவு, அசையும் பாகம் எதுவும் இல்லை. ஆனால் அது உறிஞ்சுவது முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் உள்ள அழுத்த வித்தியாசத்தைப் பொறுத்தது. ஒரு பகுதியின் வால்வை மூடி இன்னொன்றைத் திறந்தால் உறிஞ்சும் அளவு மாறிவிடும். எல்லாப் பகுதியும் ஒரே அளவில் இருக்கும் நிலத்தில் பரவாயில்லை. நம் பண்ணைகளில் ஒரு கூடாரம் நீளம், ஒன்று குட்டை, ஒன்றில் பாதி அறுவடையாகிக் கிடக்கும். இன்ஜெக்டரில் ஓடுகிற தண்ணீரே பிஸ்டனைத் தள்ளுகிறது, தள்ளுகிற அளவுக்கு ஏற்ப உரம் உள்ளே போகிறது. 1 சதவீதம் வைத்தால் 1,000 லிட்டருக்கு 10 லிட்டர், ஓட்டம் கூடினாலும் குறைந்தாலும் அதேதான். கரண்ட்டும் வேண்டாம். விலை சில நூறு வெள்ளி. இந்த இரண்டில் எதை வாங்குவது என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை, இன்ஜெக்டர்தான். ஒரு நிபந்தனை: குளத்து நீரை நேரே விட்டால் மண்துகள் அதன் சீல்களைத் தின்றுவிடும், முன்னால் நுண்ணிய ஃபில்டர் கட்டாயம். பொதுப் பயனீட்டுக் கழகத்தின் குழாய் நீரைப் பயன்படுத்துகிறவர்கள் உரநீர் பின்னால் திரும்பிக் குழாய்க்குள் போகாதபடி ஏற்பாடு செய்துதான் இணைக்க வேண்டும். இடையில் ஒரு தொட்டி வைத்து, காற்றிடைவெளி விட்டு நிரப்புவது எளிய வழி.

மண்ணில்லா முறையில் கீரை வளர்ப்பவர்களுக்கு வேறு பாதை. சிறு பெரிஸ்டால்டிக் பம்பு ரப்பர் குழாயைப் பிதுக்கிப் பிதுக்கி மில்லிக்கணக்கில் விடும், தண்ணீரில் உரம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டும் இ.சி. மீட்டர் சொல்கிறபடி நிற்கும். அந்தக் குழாய் தேயும், மாற்றுக் குழாய் ஒன்று எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

எந்த இடத்துக்கு எது

தள்ளுவண்டிக்கு பைபாஸும் சரியான நாசிலும். இதைச் செய்யாமல் வேறு எதையும் வாங்குவது வீண். செய்தபின் மாதம் ஒருமுறை ஒவ்வொரு நாசிலின் கீழும் அளவுக் குவளையை ஒரு நிமிடம் பிடியுங்கள். புது நாசிலைவிட 10 சதவீதம் அதிகமாகக் கொட்டினால் தூக்கிப் போட்டுவிடுங்கள். பித்தளை நாசில் சீக்கிரம் தேயும், செராமிக் நின்று உழைக்கும். (அளந்த தண்ணீரை வாளியில் அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். கொசுப் புழு கண்டுபிடித்தால் தேசியச் சுற்றுப்புற வாரியம் போடும் அபராதத்தில் பத்து ரெகுலேட்டர் வாங்கலாம்.) தொட்டிக் கணக்கையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்: ஹெக்டேருக்கு 400 என்றால் 100 லிட்டர் தொட்டி 2,500 சதுர மீட்டரில் காலியாக வேண்டும். முன்னதாகவே காலியானால் நடை மெதுவாகிவிட்டது அல்லது நாசில் தேய்ந்துவிட்டது.

இலை உரத்தில் அளவு தவறினால் காசோடு போகும். பூச்சிமருந்தில் அப்படி விட முடியாது. இங்கே பதிவு பெற்ற மருந்தைத்தான் அடிக்கலாம், சான்றிதழ் பெற்றவர் பொறுப்பில்தான் அடிக்கலாம். சிங்கப்பூர் உணவு அமைப்பு கீரை மாதிரிகளை எடுத்து எச்சம் பார்க்கும். எனவே பூச்சிமருந்து அடிக்கும் வண்டிக்குத்தான் முதல் ரெகுலேட்டர், மற்றதெல்லாம் அப்புறம்.

கம்ப்யூட்டர் பெட்டிக்கு ஒரே ஓர் இடம் விட்டுவைக்கிறேன்: புல்தரை பராமரிக்கும் நிறுவனங்கள். சிறு டிராக்டரில் பூம் கட்டி மைதானம் மைதானமாக அடிக்கிறவர்களுக்கு ஏற்றத்தில் வேகம் குறையும், இறக்கத்தில் கூடும், நாசிலும் பத்துப் பதினைந்து இருக்கும். அங்கே அது தன் விலையைச் சம்பாதிக்கும். வாங்கும் முன் விற்பவரிடம் ஃப்ளோ மீட்டரின் கீழ் எல்லை என்ன என்று கேளுங்கள். பெரிய பூமுக்குச் செய்த மீட்டர் நிமிடத்துக்கு மூன்று நான்கு லிட்டரைச் சரியாக எண்ணாது, ஓரத்து நாசில்களை மூடிவிட்டு ஒரு பகுதியை மட்டும் அடிக்கும்போது திரையில் தப்பான எண் ஓடும். உள்ளே சிறகு சுழலும் மீட்டரா, மின்காந்த மீட்டரா என்பதையும் கேட்டுவிடுங்கள். மீன் அமிலம் மாதிரிக் கூழ் உள்ள கரைசலைச் சிறகு மீட்டர் தாங்காது. மின்காந்த மீட்டரில் அசையும் பாகம் இல்லை, விலை கூட, ஆனால் அதற்கென்று தனியாக ஃபில்டரைக் கழுவிக்கொண்டிருக்க வேண்டாம்.